எழும்பூர் நிலையத்தைச் சுற்றியுள்ள மனைகளுக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எழும்பூர் ரயில் நிலைய மறுசீரமைப்பு பற்றிய செய்திகளில் ஓர் உறுதிமொழி தவறாமல் இடம்பெறுகிறது. பழைய கட்டடத்தில் கைவைக்க மாட்டார்களாம். அதை நம்புவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஹென்றி இர்வினும் இ.சி. பேர்டும் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டி, 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்ட கட்டடத்தை இடிக்க இன்று எந்த அதிகாரியும் துணிய மாட்டார். ஆனால் பழைய கட்டடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் பக்கத்து மனையில் தோண்டும் குழியும், பின்னால் எழும் உயரமும், வாசலில் வந்து தேங்கும் வண்டிகளும்தான். இவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. நிலைய எல்லைக்குள் ரயில்வே, எல்லைக்கு வெளியே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் கடிதம் அந்த இடைவெளியைப் பற்றியது.

முதலில் சட்டம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11-ஆவது பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் ரயில்வே நிர்வாகம் தேவையான பணிகளைச் செய்துகொள்ளலாம் என்கிறது. நடைமேடைக்கும் சிக்னல் அறைக்கும் மாநகராட்சியின் திட்ட அனுமதிக்காகக் காத்திருக்க முடியாது என்பதால் இந்த விலக்கில் நியாயம் உண்டு. ஆனால் அதே பிரிவில், இந்த அதிகாரம் ரயில் பாதையை அமைப்பதற்கும் பராமரிப்பதற்குமான நோக்கத்துக்கு என்ற வரம்பும் இருக்கிறது. துணிக்கடை, உணவு வளாகம், வாடகை அலுவலகம் ஆகியவை அந்த நோக்கத்தில் அடங்குமா? 2005-இல் செய்த திருத்தத்தின் மூலம் ரயில் நில மேம்பாட்டு ஆணையம் உருவாகி, ரயில்வே நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்குக் கொடுக்க வழி பிறந்தது. 2018-இல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி நிலைய மறுசீரமைப்பில் குத்தகைக் காலம் 99 ஆண்டுகள் வரை நீளலாம். மூன்று தலைமுறைக்கு மேல் நிற்கப்போகும் வணிகக் கட்டடத்தை, சிக்னல் அறைக்கு உரிய விலக்கில் கட்டுவது பொருத்தமாகப் படவில்லை.

மாநிலத்தின் கையிலும் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு, மத்திய அரசுத் துறை ஒன்று கட்டுமானத்தில் இறங்கும்போது குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே முழு விவரங்களுடன் திட்டக் குழுமத்துக்கு (இங்கே சி.எம்.டி.ஏ.வுக்கு) எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்கிறது. குழுமம் ஆட்சேபம் எழுப்பினால் துறை வரைபடத்தைத் திருத்த வேண்டும், அல்லது விஷயம் அரசின் முடிவுக்குப் போகும். ஆனால் ஆட்சேபிக்க வேண்டுமானால் எதை அளவுகோலாக வைத்து ஆட்சேபிப்பது என்று குழுமத்திடம் எழுத்தில் இருக்க வேண்டும். எழும்பூர் நிலையச் சுற்றுப்புறத்துக்கென்று அப்படி ஒரு அளவுகோல் வகுக்காத வரை, அந்த 30 நாள் தபால் வந்து கோப்பில் சேரும் நாள்களாகவே போகும்.

எல்லைக்கு வெளியே என்ன நிலைமை? 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி 18.30 மீட்டர் வரை சாதாரணக் கட்டடம், தளப்பரப்புக் குறியீடு (மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2. அதற்கு மேல் போனால் உயர்மாடிக் கட்டடம். 18 மீட்டர் அகலச் சாலையில் குறியீடு 3.25. கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் குறியீடு 50 விழுக்காடு சேர்ந்தால் 4.87 வரை போகும். பக்க இடைவெளி 30 மீட்டர் உயரம் வரை 7 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் 1 மீட்டர் கூடும். ஆக 60 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு 12 மீட்டர் இடைவெளி விட்டால் போதும். கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனால் இந்தக் கணக்கு சாலையின் அகலத்தைக் கேட்கிறது, கட்டப்போகும் உயரத்தைக் கேட்கிறது. பக்கத்தில் நிற்பது 1908-இன் செங்கல் சுவரா, 2008-இன் கான்கிரீட் சட்டகமா என்று கேட்பதில்லை.

கென்னட் லேன் போன்ற குறுகிய தெருக்களில் உள்ள தங்கும் விடுதிகளால் பெரிய ஆபத்து வராது. தெருவின் அகலமே உயரத்தைக் கட்டிப்போட்டுவிடும். கவனிக்க வேண்டியவை காந்தி இர்வின் சாலை முகப்பும் பூந்தமல்லி நெடுஞ்சாலை முகப்பும். நான்கைந்து சிறு மனைகளை ஒன்றாக்கி ஒரே பத்திரத்துக்குக் கொண்டுவந்தால், தனித்தனியாக எட்ட முடியாத உயரம் ஒரே விண்ணப்பத்தில் கிடைத்துவிடும். இந்த ஒன்றாக்குதல் சத்தமில்லாமல் நடக்கும். வெளியில் தெரியும்போது மண் பரிசோதனை முடிந்து துளையிடும் இயந்திரம் வந்து நிற்கும்.

பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தனிப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்கலாம். அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ அதன் கருத்தைக் கேட்க வேண்டும். அது கட்டடத்தைக் காக்கும் ஏற்பாடு. சுற்றியுள்ள மனைகளும் அந்தக் குழுவின் பார்வைக்குள் வர வேண்டுமானால் அந்த இடம் முழுவதும் பாரம்பரிய வளாகமாக எல்லை குறித்து அறிவிக்கப்பட வேண்டும். தொல்லியல் சட்டத்தின் 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற ஏற்பாடு மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னங்களுக்கு மட்டுமே. இயங்கிக்கொண்டிருக்கும் ரயில் நிலையத்துக்கு அது பொருந்தாது. மாநிலத்தின் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, பத்தாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

இனி குழிக்கு வருவோம். பொதுவிவாதத்தில் யாரும் பேசாததும், கட்டடத்துக்கு நிஜமாகவே ஆபத்தானதும் இதுதான்.

எழும்பூர் கூவத்தை ஒட்டிய பகுதி. களியும் மணலும் மாறி மாறி வரும் மண், உயர்ந்த நிலத்தடி நீர். நிலையத்தின் பின்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயமே இதற்குச் சான்று. 1821-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்துக்கு, சதுப்பான மண் காரணமாகக் கிணறு கிணறாக இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய பொறியாளருக்கே இந்த மண்ணின் குணம் தெரிந்திருந்தது. அதே மண்ணில் இன்று மூன்று அடுக்கு பேஸ்மென்ட் கார் நிறுத்தம் என்றால் 10 முதல் 12 மீட்டர் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும்.

தோண்டும்போது இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, குழியின் பக்கச் சுவர் உள்நோக்கிச் சாய, பின்னாலுள்ள தரை இறங்கும். பொதுவாக இந்த இறக்கம் குழியின் ஆழத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தூரம் பரவும். 10 மீட்டர் குழிக்கு 20 முதல் 30 மீட்டர். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இதற்காகத்தான் தோண்டும் முன்பே குழியைச் சுற்றி மண்ணுக்குள் டயாஃப்ராம் சுவர் என்ற கான்கிரீட் சுவர் போடுகிறார்கள். இரண்டாவதுதான் ஏமாற்றும். குழிக்குள் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைப்பார்கள். சுற்றுப்புற நீர்மட்டமும் அதோடு இறங்கும். இந்த இறக்கம் எவ்வளவு தூரம் பரவும் என்று மதிப்பிடும் சிச்சார்ட் சூத்திரப்படி தோராயமாகக் கணக்கிட்டால், நீர்மட்டத்தை 8 மீட்டர் இறக்கும்போது நுண்மணலில் சுமார் 75 மீட்டர் ஆரத்துக்கும், சற்றுப் பருமனான மணலில் 240 மீட்டர் வரைக்கும் தாக்கம் இருக்கும். அதாவது குழி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நிலையக் கட்டடத்தின் அடியில் உள்ள தண்ணீர் குறையலாம்.

தண்ணீர் குறைந்தால் என்ன? மண்ணின் எடையில் ஒரு பகுதியை அதுவரை தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் கீழே உள்ள களிமண் மேல் சதுர மீட்டருக்கு சுமார் 1 டன் பாரம் கூடும். கட்டடத்தின் மேல் ஒரு மாடியைக் கூடுதலாக ஏற்றி வைப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். 8 மீட்டர் இறக்கினால் எட்டு மாடி. களி மெல்ல நசுங்கும், கட்டடம் இறங்கும். ஒரே சீராக இறங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் கோபுரப் பகுதியின் எடை ஒன்று, நீண்ட பக்கவாட்டுப் பகுதியின் எடை வேறு. குழிக்கு அருகில் உள்ள முனை அதிகம் இறங்கும், எதிர்முனை குறைவாக இறங்கும். விரிசல் முதலில் வருவது வளைவுகளின் உச்சிக் கல் அருகிலும், கோபுரமும் பக்கவாட்டுப் பகுதியும் சேரும் மூலையிலும்தான். விரிசல் வரவே கூடாத கட்டடத்துக்குப் பொறியாளர்கள் வைக்கும் வரம்பு நீளத்தில் 500-இல் ஒரு பங்கு: 10 மீட்டர் சுவரின் இரு முனைகளுக்கும் இடையே 20 மில்லிமீட்டர் வேறுபாடு.

சுண்ணாம்புக் காரை இதைத் தாங்காதா? தாங்கும், அவகாசம் கொடுத்தால். பல பத்தாண்டுகளில் மெதுவாக வரும் அசைவைச் சுண்ணாம்பு உள்வாங்கிக்கொள்ளும். நுண்விரிசல்களைத் தானே ஓரளவு அடைத்தும்கொள்ளும். ஆறு மாதத்தில் வரும் அசைவுக்கு அது ஈடுகொடுக்காது. பிறகு அந்த விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுவார்கள். செங்கல்லைவிடச் சிமென்ட் கெட்டி என்பதால், அடுத்த அசைவில் விரிசல் பக்கத்துச் செங்கல்லையே பிளந்துகொண்டு போகும்.

தடுக்கும் வழிகள் புதியவை அல்ல. டயாஃப்ராம் சுவரை மணல் அடுக்கைத் தாண்டி, தண்ணீர் புகாத அடுக்குவரை இறக்கிச் சொருக வேண்டும். பாதியில் நின்றால் தண்ணீர் சுவரின் அடிவழியாகச் சுற்றிக்கொண்டு வரும். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்தக் கடைசி இரண்டு மூன்று மீட்டர்தான். குழிக்கு வெளியே, பழைய கட்டடத்தின் பக்கம், இறைத்த தண்ணீரை வடிகட்டி மறுபடி மண்ணுக்குள் விடும் மீள்ஊட்டக் கிணறுகள் வேண்டும். நீர்மட்டம் காட்டும் பீசோமீட்டர்கள் ஒவ்வொரு மண் அடுக்கிலும் தனித்தனியே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே திறந்த குழாய் வைத்தால் அது மணலின் நீரைக் காட்டும், களியின் நிலையைக் காட்டாது. அடித்தளத் தூண்களை (பைலிங்) அடித்து இறக்காமல் சுழற்றித் துளைத்து அமைக்க வேண்டும். அதிர்வுக்கு ஜெர்மானியத் தரநிலை ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வில் அதன் வரம்பு, குடியிருப்புக்கு விநாடிக்கு 5 மில்லிமீட்டர், பாரம்பரியக் கட்டடத்துக்கு 3 மில்லிமீட்டர். ரயில்களே நாளெல்லாம் அதிர்வு தருகின்றனவே என்பார்கள். தருகின்றன, ஆகவே பணி தொடங்கும் முன் ரயில் அதிர்வு எவ்வளவு என்று தனியாக அளந்து வைக்க வேண்டும்.

அளந்து வைப்பது என்றதும் எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். பணிக்கு முந்தைய நிலைப் பதிவு. ஒவ்வொரு விரிசலையும் இடம், நீளம், அகலம் குறித்துப் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். சென்னையில் மே மாதத்தில் நீர்மட்டம் அடியில் இருக்கும், வடகிழக்குப் பருவமழை முடியும்போது மேலே வரும். களி அதோடு சுருங்கி விரியும். எனவே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அடங்க ஓராண்டு அளவீடு இருந்தால்தான் இயற்கையான அசைவு எது, குழியால் வந்தது எது என்று பிரிக்க முடியும். நடைமுறையில் பணி ஆணை கிடைத்த அடுத்த மாதம் ஒரு நாள் கேமராவுடன் வருவார்கள். பிறகு 3 மில்லிமீட்டர் விரிசலைக் காட்டினால் அது பழைய விரிசல் என்று பதில் வரும். மறுக்க நம்மிடம் காகிதம் இருக்காது.

கருவிகளை வைத்துப் படிக்கும் நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம். ஒப்பந்ததாரர் கொடுத்தால், வரம்பில் 70 விழுக்காட்டை எட்டும்போது அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி மெதுவாகத்தான் அடிக்கும். அண்ணா பல்கலைக்கழகமோ ஐ.ஐ.டி.யோ போன்ற வெளி அமைப்பு படித்து, அளவீடுகளை வாரந்தோறும் இணையத்தில் ஏற்றி, சிவப்பு வரம்பைத் தொட்டால் பணியை நிறுத்தும் அதிகாரத்தையும் வைத்திருக்க வேண்டும். இதைத் திட்ட அனுமதியின் நிபந்தனையாக எழுத முடியும். சாலையின் மறுபக்கத்துத் தனியார் மனைக்கும் அதே நிபந்தனை போக வேண்டும். தண்ணீருக்கு ரயில்வே எல்லை தெரியாது.

உயரத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ரசனை விவாதமாகிவிடுகிறது. அதைக் கணக்காக மாற்றலாம். கணக்குக்காக மட்டும், முகப்புச் சுவரின் கைப்பிடி மட்டம் 15 மீட்டர் என்று கொள்வோம். பின்னால் 150 மீட்டர் தள்ளி ஒரு புதிய கட்டடம். முகப்பிலிருந்து 40 மீட்டரில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், பின்னால் உள்ள கட்டடம் சுமார் 65 மீட்டர் உயரம் வரை அவர் கண்ணுக்குத் தெரியாது. அவரே 100 மீட்டர் தள்ளி நின்றால் 35 மீட்டருக்கு மேல் எழும் எதுவும் தெரியும். விண்ணப்பத்தோடு வரும் கணினிப் படங்கள் எந்தத் தூரத்திலிருந்து எடுக்கப்படும் என்று இனி ஊகிப்பது கடினம் அல்ல. கிட்ட நின்று எடுத்த படத்தில் எந்தக் கோபுரமும் மறைந்துவிடும்.

எனவே பார்வைப் புள்ளிகளை விண்ணப்பதாரர் தேர்ந்தெடுக்கக் கூடாது. காந்தி இர்வின் சாலையின் இரு முனைகள், காந்தி இர்வின் பாலத்தின் மேல், நிலைய வாசலுக்கு எதிர் நடைபாதை என்று நாலைந்து இடங்களைச் சி.எம்.டி.ஏ.வே நிர்ணயித்து அறிவிக்கலாம். குவிமாடங்களுக்குப் பின்னால் இன்று வானம் தெரிவதற்குக் காரணம் அங்கே தண்டவாளங்கள் கிடப்பதுதான். அந்த வெற்று அகலம்தான் இந்தக் கட்டடத்தின் உருவத்தைத் துலக்கிக் காட்டுகிறது. தண்டவாளங்களுக்கு மேல் வரும் காத்திருப்புக் கூடமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்துக் கட்டடங்களும் அந்த வானத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதை, குறித்த உயரத்தில் பலூனைப் பறக்கவிட்டு ஒரே காலையில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். செலவு சில ஆயிரம் ரூபாய். கூடவே ஒரு வேண்டுகோள்: புதிய கட்டடத்துக்கும் சின்னச் சின்னக் குவிமாடம் வைத்துச் சிவப்பும் வெள்ளையும் பூசிவிட்டால் பாரம்பரியம் காக்கப்பட்டதாக எண்ண வேண்டாம். அசலுக்குப் பக்கத்தில் நகலை நிறுத்தினால் குறைவது அசலின் மதிப்பு. அடக்கமான, தன் காலத்தைச் சொல்லும் கட்டடம் போதும்.

சென்ட்ரல் பக்கம் மெட்ரோ நிறுவனம் திட்டமிட்டுள்ள 27 மாடிக் கட்டடத்தையும் இதே கணக்கில் பார்க்கலாம். மாடிக்கு 4 மீட்டர் வைத்தாலே 108 மீட்டர். சென்ட்ரலின் மணிக்கூண்டு 136 அடி, அதாவது சுமார் 41 மீட்டர். அங்கே கட்டுவது மாநில அரசின் பங்குள்ள நிறுவனம் என்பதால், ரயில்வேயை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் தெரிகிறது.

போக்குவரத்து ஆய்வில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எழும்பூரின் நெரிசல் மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்து வரை. மதுரை, நெல்லை, கன்னியாகுமரி, திருச்சி என்று தெற்கே போகும் இரவு ரயில்கள் வரிசையாகப் புறப்படும் நேரம் அது. வணிக வளாகத்துக்குக் கூட்டம் வருவதும் அதே நேரம். ஆனால் ஆய்வு பெரும்பாலும் அலுவலக நேரத்தை உச்சமாக எடுத்துக்கொண்டு, ஒரு சாதாரண வேலைநாளில் எண்ணி முடிக்கப்படும். எண்ண வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு, முடிந்தால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தைய வெள்ளி.

600 கார் நிறுத்தத்தில் உச்ச மணிநேரத்தில் 40 விழுக்காடு உள்ளே வந்து 30 விழுக்காடு வெளியே போனால் 420 கார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் இருதட, இருவழித் துணைப் பெருஞ்சாலையின் கொள்ளளவு மணிக்கு 1,200 கார் அலகுகள் (எல்லா வண்டிகளையும் கார் கணக்கில் மாற்றிய எண்ணிக்கை). மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாசல் தின்றுவிடும். இதில் ஆட்டோக்கள் சேரவில்லை. ஆட்டோவும் வாடகைக் காரும் நிறுத்தத்துக்குள் போவதே இல்லை. ஓரத்தில் நின்று ஆளை இறக்கிப் போகும். மணிக்கு 300 வண்டிகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் நின்றால் எந்த நேரத்திலும் சராசரியாக 15 வண்டிகள் நிற்கும். வண்டிக்கு 6.5 மீட்டர் வீதம் 100 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஓரம். ஒரே ரயிலுக்கு எல்லோரும் ஒன்றாக வரும் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் 150 மீட்டர். முகப்பில் கார் நிறுத்தத்துக்கு ஒரு வாசல், வணிகப் பகுதிக்கு ஒரு வாசல், சரக்கு வண்டிக்கு ஒரு வாசல் என்று வெட்டிக்கொண்டே போனால் அந்த 150 மீட்டர் எங்கே மிஞ்சும்? நடைமேடை வரை காரை ஓட்டிக்கொண்டு போக வசதி வைத்துக் கட்டிய நிலையம் இது. 1908-இல் வாகனத்துக்கு ஒதுக்கிய யோசனை இன்றைய வரைபடத்தில் இருக்க வேண்டாமா? வணிகப் பகுதியின் கார் வாசல்கள் முழுவதும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் போகட்டும். மெட்ரோ நிலையமும் அங்கேதான். முன்பக்கம் பயணிகளை இறக்கவும் ஏற்றவும் மட்டும்.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாக. பொது நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும். பேஸ்மென்ட்டை மனை எல்லைவரை நீட்டிவிட்டால் அந்தப் பத்தில் ஒன்றைக்கூட அங்கே நட முடியாது, கான்கிரீட் தொட்டிச் செடிதான் மிஞ்சும். மழைநீர் இறங்கவும் மண் இருக்காது.

வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். மும்பை சத்திரபதி சிவாஜி நிலையம் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. நிலைய வளாகம் 2.85 ஹெக்டேர், அதைச் சுற்றிக் குறிக்கப்பட்ட காப்பு வட்டம் 90.21 ஹெக்டேர், முப்பது மடங்குக்கும் மேல். எழும்பூருக்கு அவ்வளவு பெரிய வட்டம் தேவையில்லை. ஆனால் கட்டடத்தின் எல்லையும் பாதுகாப்பின் எல்லையும் ஒன்றல்ல என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப 1968-இல் திட்டம் வந்தது. நகரின் பாரம்பரிய ஆணையம் மறுத்தது. ரயில் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நிலையத்தின் மேல் கட்ட முடியாத பரப்பை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நகரம் வழி வைத்திருந்ததும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஏற்பாடு நமக்கும் புதிதல்ல. சாலை அகலப்படுத்த நிலம் கொடுப்பவருக்கு மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை கொடுக்கும் விதி இங்கே ஏற்கெனவே உண்டு. எழும்பூர் முகப்பில் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் மனைக்காரருக்கு இழப்பை அந்த உரிமையாகக் கொடுத்து, நகரின் வேறு பகுதியில் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லலாம். உயரத்தை மறுத்து, ஈடு எதுவும் தராவிட்டால் வழக்கு வரும். வழக்கு வந்தால் கட்டுப்பாடு நீர்த்துப்போகும்.

இதையெல்லாம் செய்ய இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டுக்கும் வளர்ச்சிக்கும் 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. அதில் எழும்பூர் நிலையம், புனித ஆண்ட்ரூ தேவாலயம், இடையிலுள்ள சாலை முகப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே வளாகமாக எல்லை குறித்து, அதற்கு விரிவான வளர்ச்சித் திட்டம் ஒன்றை இணைக்க வேண்டும். அதில் மனை எண் வாரியாக உயர வரம்பு, குழி ஆழ வரம்பு, கார் வாசல் எங்கே, பார்வைப் புள்ளிகள் எங்கே என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் 58-ஆவது பிரிவின் 30 நாளில் ஆட்சேபிக்கக் குழுமத்துக்குக் கையில் பிடி கிடைக்கும். தனியார் விண்ணப்பத்துக்கும் அதே தாள் பொருந்தும். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் ஆட்சேபனைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் சட்டப்படி உண்டு. பொதுவாகப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதும் மனுக்களுக்கு, பரிசீலிக்கப்படும் என்று பொதுவான பதிலே வரும். மனை எண்ணும் மீட்டர் அளவும் எழுதினால் பதிலிலும் எண் இருந்தாக வேண்டும்.

வரைவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய 734.91 கோடி ரூபாய் பணி எழும்பூரில் நடந்துகொண்டிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தெற்கு ரயில்வேக்கு ஒன்று, சி.எம்.டி.ஏ.வுக்கு ஒன்று, தலா 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். ஏன், எதற்கு என்ற கேள்விகளைத் தவிர்த்து ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 58-ஆவது பிரிவின் கீழ் அனுப்பிய அறிவிப்பின் நகல், மண் ஆய்வறிக்கை, நீர் இறைப்புத் திட்டம், பழைய கட்டடத்தின் பணிக்கு முந்தைய நிலைப் பதிவு, அதிர்வு மற்றும் சாய்வு அளவீடுகள், போக்குவரத்து ஆய்வும் அதில் எண்ணிக்கை எடுத்த தேதியும் நேரமும், மரம் வெட்ட அளித்த அனுமதி. பெரிய அளவு வரைபடங்களுக்கு நகல் கேட்டால் செலவு ஏறும். கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்டால் ரயில்வேயில் முதல் மணிநேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மேற்கண்ட ஏழில் எந்த ஆவணம் தங்களிடம் இல்லை என்று பதில் வருகிறதோ, முழுமைத் திட்ட வரைவின் மீதான மனுவில் அதையே முதல் வரியாக எழுதலாம்.

இப்படிக்கு,
நகரமைப்பு, கட்டுமானப் பொறியியல் துறைகளைச் சேர்ந்த வாசகர்கள் சிலர்,
எழும்பூர், சென்னை – 8